தண்ணிதான் சிவப்பு

என் தங்கையின் மகள் ஓர் இராச்சியம் கட்டிக்கொண்டிருக்கிறாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் தொடங்கியது, இப்போது தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை முக்கால்வாசி நிரப்பிவிட்டது. இராச்சியத்துக்குப் பெயர் முதிரைநாடு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு குளங்கள், இரண்டு நிலவுகள், மனிதரோடு கதைக்கும் யானைகள். மேற்குளத்தின் அடியில் ஒரு பழைய அரசி முந்நூறு வருடமாக நித்திரை கொள்கிறாள். அவள் புரண்டு படுத்தால் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும். விசுவமடுவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பின்னேரங்களில் அவள் இதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் தமிழ் படிப்பிக்கிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். அரசி புரண்டதால் குளம் வான் பாய்ந்தது என்று எழுத, குளக்கட்டில் சைக்கிள் ஓடி வளர்ந்த ஒரு பிள்ளையால்தான் முடியும் என்று எனக்கு அவளில் பெரிய பெருமை.

போன ஆவணியில் ஒருநாள் புதுப் பக்கம் ஒன்றைக் காட்டினாள். மேலே ‘உடுப்பும் நிறமும்’ என்று தலைப்பு. அரச குடும்பத்துக்கு ஊதா, நல்ல கத்தரிப்பூ நிறம். படைக்குச் சிவப்பு. படித்தவர்களுக்கு வெள்ளை. வியாபாரிகளுக்கு நீலம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரிக் கீறி, பென்சிலால் நிறம் தீட்டியிருந்தாள். அரசிக்கு மட்டும் ஐந்து விதமான மடிப்பு. கடைசி வரியில் ‘மீதிப் பேர் – மண்ணிறம்’ என்று எழுதி, முகம் இல்லாத ஓர் ஆளைச் சின்னதாகக் கீறியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நிறப்பென்சில் பெட்டி திறந்து கிடந்தது. ஊதாப் பென்சில் என் சின்னவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. மண்ணிறப் பென்சில் கடையிலிருந்து வந்த நீளத்திலேயே இருந்தது.

“வடிவாயிருக்கு பிள்ளை” என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. ஏழு குளத்தையும் கட்டினது அந்த மீதிப் பேர்தானே, யானைக்குத் தழை வெட்டிப் போடுகிறதும் அவர்கள்தானே என்று முதலில் யோசித்தேன். பிறகு, அது வெறும் கதை, பதினைந்து வயதுப் பிள்ளையின் விளையாட்டு என்று திரும்பிப் படுத்தேன். என்னை உறுத்தியது அந்தப் பக்கம் இல்லை என்பது விடியப்புறந்தான் விளங்கியது. அந்தப் பட்டியலை நான் ஏற்கெனவே ஒருதரம் போட்டிருக்கிறேன். கொப்பியில் இல்லை, ஒரு பள்ளிக்கூட முற்றத்தில்.

வெள்ளையில் எத்தனை வெள்ளை

அது இரண்டு வருடத்துக்கு முந்தின புரட்டாதி. மழை இன்னும் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், பிள்ளைகளை வரவேற்புக்கு வரிசையாக நிறுத்துங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் வரிசைப்படுத்தினேன். எப்படி என்று அப்போது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. கை தன்பாட்டில் பிள்ளைகளின் தோளைத் தொட்டு, நீ முன்னுக்கு, நீ பின்னுக்கு என்று தள்ளிக்கொண்டு போனது. எல்லாரும் வெள்ளைச் சீருடைதான். மன்னார் முதல் மாத்தறை வரை எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரே நிறத்தில் வரவேண்டும் என்பதற்காக அரசாங்கம் கொடுக்கிற அதே துணி. ஆனால் முன்வரிசையில் வந்து சேர்ந்தவை நீலம் போட்டுத் தோய்த்து நல்ல வெயிலில் காய்ந்த, கண்ணைக் கூசுகிற வெள்ளைகள். அவற்றுக்குப் பின்னால் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் பழுத்த மஞ்சள் வெள்ளை. அதற்கும் பின்னால் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த சாம்பல் வெள்ளை.

ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன் முன்னுக்கு நின்றான். அவனைப் பின்னுக்குப் போகச் சொன்னேன். அவனுடைய சேட் மங்கலான செங்கல் நிறத்தில் இருந்தது. கொலரின் ஓரத்திலும் தையல் ஓடிய இடங்களிலும் நிறம் இன்னும் கூட. நூல் சிவப்பைக் குடித்து வைத்திருந்தது. போகிற போக்கில், வகுப்பில் சொல்கிற அதே குரலில், “கந்தையானாலும் கசக்கிக் கட்டெண்டு படிப்பிச்சனான் எல்லே?” என்றேன்.

“கசக்கித்தான் ரீச்சர் கட்டினனான். தண்ணிதான் சிவப்பு.”

முறைப்பாடாக அவன் அதைச் சொல்லவில்லை. கணக்கு விடை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பின்வரிசைக்கு நடந்தான். அவன் திரும்பியபோதுதான் முதுகுப்பக்கத்தைப் பார்த்தேன். சேட் மினுக்கியிருந்தது. நல்லாய் மினுக்கியிருந்தது. கைகளில் கத்தி விளிம்பு போல மடிப்பு. விடியமுன் ஆரோ எழும்பி, சிரட்டைக் கரியை மூட்டி இஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்டு, அது சூடேறும்வரை பார்த்திருந்து, அந்தச் செங்கல் நிறச் சேட்டை அவ்வளவு கவனமாக அழுத்தியிருக்கிறார்கள். பட்டன் நாலில் ஒன்று வேறு சாதி. ஆனால் நாலும் இறுக்கமாகத் தைத்திருந்தது.

பிறகு ஒருநாள் அவனுடைய ஊர்ப்பக்கம் போனேன். ரோட்டு முழுக்கக் கிரவல், ஒரு லொறி போனால் வேலி, வாழை, கொடியில் காயும் உடுப்பு எல்லாம் சிவக்கும். கிணறு கட்டாக்கிணறு. கோடையில் அடித்தண்ணீர்தான் வரும், அள்ள அள்ள மண் கலங்கும். அவனுடைய தாய் வாளியில் அள்ளிவைத்து, குடிக்கிற தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய விடுவாவாம். தெளிந்தது குடிக்கவும் சமைக்கவும். அடியில் மிஞ்சினது உடுப்புத் தோய்க்க. கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற அந்த வரியை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். அதைச் சொன்னவர்களின் வளவில் தெளிந்த தண்ணீர் நிறைந்த கிணறு ஒன்று இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இதைப் பெறாமகளுக்குச் சொன்னேன். மறைக்காமல், நான் அவனைப் பின்னுக்குத் தள்ளினதையும் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதுக்கும் என்ர கதைக்கும் என்ன பெரியம்மா?” என்று கேட்டாள். “வாசிக்கிறவைக்கு ஆர் அரசி, ஆர் படையாள் எண்டு உடன விளங்க வேண்டாமோ? அதுக்குத்தான் நிறம்.”

நியாயமான கேள்வி. கூத்துக்கொட்டகையில் அரசன் வரவு பாட முன்னமே, உடுப்பைப் பார்த்துச் சபை அரசன் என்று அறிந்துகொள்கிறது. கதை சொல்கிறவளுக்கு நிறம் பெரிய உதவி. ஆனால் அதே வசதிதான், நிறத்துக்குச் சட்டம் போட்ட அரசர்களுக்கும் வேண்டியிருந்தது. நூறு யார் தள்ளி ஓர் ஆள் வரும்போதே, முகம் தெரியமுன்னம், அவனுக்குக் கதவைத் திறக்கிறதா, தடியை எடுக்கிறதா என்று வாசற்காவலன் முடிவெடுக்க வேண்டும். நிறச்சட்டம் எழுதப்படுவது அந்தக் காவலனின் கண்ணுக்காக. வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. போர் நடந்து, வன்னிக்குள் பொருட்கள் வரப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், இராணுவ உடுப்புப் போன்ற துணி உள்ளே வர முடியாத பொருட்களில் ஒன்று. சோதனைச்சாவடி தாண்டிப் போகிற அன்று எந்த நிறத்தில் சட்டை போடுகிறது என்று அம்மா எங்களுக்குத் தெரிந்து எடுத்துத் தருவா. சின்னப் பிள்ளைக்குக்கூட.

சிங்கத்தின் விலை

“சரி, ஊதா ஏன் அரசிக்கு?” என்று அவளைக் கேட்டேன். “அதுதானே எல்லாக் கதையிலும்” என்றாள். அதன் காரணத்தை அவள் அறிந்திருக்கவில்லை. நல்ல கதை அங்கேதான் கிடக்கிறது.

மத்தியதரைக் கடலில், இன்றைய லெபனானில் இருக்கும் தீர் என்ற துறைமுகம் அந்த ஊதாவுக்குப் பேர் போனது. அது ஒருவகைக் கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து எடுக்கிற சாயம். 1909ஆம் ஆண்டு பிரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் அதை ஆராய எடுத்தபோது, 12,000 நத்தைகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் 1.4 கிராம். சாயம் எடுக்க நத்தைகளின் சுரப்பியை உப்போடு ஊறவைத்து, நாட்கணக்கில் காய்ச்ச வேண்டும். அந்த நாற்றத்துக்குப் பட்டறைகளின் பக்கம் ஆரும் போகமாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. மன்னார்ப் பக்கம் அரிப்புக் கரையில் முத்துச் சிப்பிகளை அழுகப்போட்டுத்தான் முத்துப் பொறுக்கினார்கள். அரசியின் கழுத்துக்குப் போகிற எதுவும் முதலில் ஆரோ ஒருவரின் மூக்கைத் தாண்டித்தான் போகிறது. கி.பி. 301இல் உரோமப் பேரரசன் தியோகிளேசியன் பொருட்களுக்கு உச்சவிலை போட்டபோது, ஊதாச் சாயம் தோய்ந்த பட்டு ஓர் இறாத்தல் 1,50,000 தெனாரி. அதே விலைப்பட்டியலில் ஆண் சிங்கம் ஒன்றுக்கும் 1,50,000 தெனாரி. இதைக் கேட்டதும் பிள்ளையின் கண் விரிந்தது. “அப்ப அரசி தோளில ஒரு சிங்கத்தைப் போட்டுக்கொண்டு போறா” என்றாள்.

அதைவிட எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது எங்கள் மண்ணின் சிவப்பைப் பற்றி. சாயவேர் என்று ஒரு செடி. வைத்தியர்மார் இம்பூறல் என்பார்கள், இரத்தம் கக்குகிறதுக்கு மருந்து. நிலத்தோடு படர்ந்து கிடக்கும் சின்னச் செடி, கால் பட்டால்கூடத் தெரியாது. ஆனால் வேர் ஆழமாக இறங்கும். அந்த வேரின் பட்டையை இடித்து, படிகாரம் கட்டின துணியோடு அவித்தால் நல்ல சிவப்பு ஏறும், தோய்க்கத் தோய்க்கப் போகாது. மன்னார், யாழ்ப்பாணம், வன்னி மணல் நிலங்களில் அது தானாக முளைத்தது. 1658 முதல் 1795 வரை வடக்கை ஆண்ட ஒல்லாந்தர் அதைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். வேர் கிண்டுவது ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட ஊழியம். குந்தியிருந்து, மணலைக் குத்தி, நூல் போன்ற வேரை அறாமல் இழுக்க வேண்டும். ஓர் இறாத்தல் சேர எத்தனை செடி, எத்தனை நாள் வெயில் என்று யோசித்துப் பார்க்கிறேன். சேர்ந்த வேர் சாயக்காரரிடம் போய், சாயம் ஏறின துணி கப்பல் ஏறியது. கிண்டினவன் அரையில் இருந்தது சாயம் காணாத ஒரு துண்டு, முழங்காலுக்கு மேலே.

முழங்காலுக்கு மேலே என்பதையும் சும்மா சொல்லவில்லை. இந்தத் தீவில் பல இடங்களில் நிறத்தைவிட நீளம்தான் ஆளைச் சொன்னது. 1660இல் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்து, 1679இல் வன்னிக் காட்டின் ஓரத்தால் நடந்து அரிப்பு வந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், பெரிய குடியினரின் சீலை கெண்டைக்கால்வரை இறங்கும், கீழ்க்குடியினருடையது முழங்காலோடு நிற்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். அம்மம்மா சொல்லுவா, படலைக்கு வெளியே வரும்போதே தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றவர்களைத் தன் கண்ணால் கண்டதாக. அதைச் சொல்லும்போது அவவின் குரல் தாழ்ந்துவிடும். எங்கள் குடும்பம் படலைக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதை அவ ஒருநாளும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக நாற்பது வருடத்துக்கு மேல் போராடினார்கள். தோள்சீலைக் கலகம் என்று படித்திருப்பீர்கள். 1859 ஆடி மாதம் 26ஆம் திகதி அரசு இறங்கிவந்து பிரகடனம் வெளியிட்டது. எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், ஆனால் மேற்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது. இந்த வரியை நான் எப்போது நினைத்தாலும் வாயடைத்துப் போவேன். அத்தனை அடி, அத்தனை தீவைப்புக்குப் பிறகும் அரசுக்கு விட்டுக்கொடுக்க முடியாமல் இருந்தது அந்த வித்தியாசம் ஒன்றைத்தான். துணி போகலாம், மானம் போகலாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆர் ஆர் என்று தெரிகிறது மட்டும் போகக்கூடாது.

பிறகு சிவப்பு மலிந்தது. 1868இல் கிறேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மன்காரர், சாயவேரிலும் ஐரோப்பாவின் மஞ்சிட்டியிலும் சிவப்பைத் தருகிற அதே பொருளை நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டினார்கள். வேர் கிண்டத் தேவையில்லை என்றாகிவிட்டது. இன்றைக்குப் புதுக்குடியிருப்புச் சந்தையில் சிவப்புச் சட்டைக்கும் மண்ணிறச் சட்டைக்கும் ஒரே விலை. எந்த நிறத்தையும் எவரும் வாங்கலாம் என்றானபிறகு, தரம் போய் ஒளித்துக்கொண்ட இடம் எது என்று பார்த்தால், தோய்க்கிற தண்ணீர், மினுக்குகிற நேரம், இரண்டாவது சேட். என் கண் அன்றைக்கு முற்றத்தில் வாசித்தது இவற்றைத்தான். வாசிக்க எனக்கு ஆரும் படிப்பிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

ஏழாம் குளம்

இதெல்லாம் சொல்லி முடித்தபின் பிள்ளை இரண்டு நாள் கொப்பியைத் தொடவில்லை. அவளுடைய உலகத்தை உடைத்துப்போட்டேனோ என்று எனக்குப் பயம். தங்கைகூட, “அக்கா, அவளை எழுத விடன், ஏன் பாடம் எடுக்கிறாய்?” என்று சண்டைக்கு வந்தாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். நான் சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்த தண்ணீர் வாய்க்காலில் நுரையோடு ஓடி, வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “பெரியம்மா, அரசின்ர ஊதாவுக்குச் சாயம் போடுற இடம் எங்க?” என்று கேட்டாள்.

“உன்ர நாடு. நீதான் சொல்ல வேணும்.”

“மேற்குளத்தில. அங்கதான் நல்ல தண்ணி.”

அவ்வளவுதான். ஓடிப்போய் எழுதத் தொடங்கிவிட்டாள். அன்று இரவு வாசித்துக் காட்டினாள். மேற்குளக் கரையில் சாயப்பட்டறை. கழிவு குளத்துக்குள் போகிறது. அரசி புரண்டு படுக்கிற வருடம் குளம் வான் பாய்கிறது, இரண்டாம் குளத்துக்கு, மூன்றாம் குளத்துக்கு, அப்படியே ஏழாம் குளம்வரை. ஏழாம் குளத்தடியில் இருப்பவர்கள்தான் மீதிப் பேர். அவர்களுக்கு உள்ள தண்ணீர் அது ஒன்றுதான். தோய்த்துத் தோய்த்து, ஒரு போகம் முடிய, அந்த ஊரின் மண்ணிறக் கந்தை எல்லாம் மெல்ல ஊதா ஏறுகிறது. சட்டப்படி அது சாகிற குற்றம். காவலர் வருகிறார்கள். வரிசையாக நிறுத்துகிறார்கள். வரிசையில் ஒரு சின்னப் பெட்டை. “கசக்கித்தான் கட்டினனான், தண்ணிதான் ஊதா” என்கிறாள்.

காவலன் என்ன செய்தான் என்று நான் கேட்டேன். இன்னும் எழுதவில்லையாம். அந்தக் காவலனுக்கு வீடு எந்தக் குளத்தடியில் என்று முடிவெடுத்த பிறகுதான் எழுதலாமாம்.

அந்தப் பொடியன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவனிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போய், நேரே நின்றபோது, எதைப்பற்றிச் சொல்கிறேன் என்றே அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அல்லது வந்தும், ரீச்சரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தலையை ஆட்டினானோ தெரியாது. “பரவாயில்லை ரீச்சர்” என்றான். சேட் அதே நிறந்தான். வரவேற்புகளுக்குப் பிள்ளைகளை இப்போது உயரத்தின்படி நிறுத்துகிறேன். அவன் நன்றாக வளர்ந்துவிட்டதால், பார்த்தால் மறுபடியும் பின்வரிசை. ஒவ்வொரு முறையும் அது என் நெஞ்சில் இடிக்கிறது.

போன கிழமை பெறாமகள் நிறப்பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். ஏழாம் குளத்தடியில் இருபத்தாறு பேரைக் கீறியிருக்கிறாள். எல்லாருக்கும் முகம், எல்லாருக்கும் பெயர், அந்தப் பெட்டைக்குச் சேட்டில் ஒரு பட்டன் வேறு சாதி. மண்ணிறத்துக்கு மேலே மிக மெல்லிசாக ஊதா. மண்ணிறப் பென்சில் முடிந்து, பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு துண்டு மிச்சம். சந்திக் கடையில் போய்க் கேட்டோம். மண்ணிறம் மட்டும் தனிய விற்கிறதில்லையாம், முழுப்பெட்டிதான் எடுக்க வேண்டுமாம். எடுத்துக்கொண்டு வந்தோம்.